எதிராளியின் வாசலிலேயே பந்தைப் பறிக்கும் ஆட்டம்

நம் சங்க உறுப்பினர் இல்லங்களில் சனி, ஞாயிறு இரவுகளில் தொலைக்காட்சிப் பெட்டி யார் வசம் இருக்கிறது என்று கேட்டால், பேரப்பிள்ளைகள் வசம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் நடக்கும் கால்பந்தாட்டத்தை அவர்கள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். அருகில் உட்காரும் பெரியவர்களுக்கோ ஒரு சந்தேகம். "பந்து எதிரணியின் கோல் கீப்பர் காலடியில் இருக்கிறது. அதைப் பிடுங்க முடியாது என்று தெரிந்தும் இந்தப் பையன் ஏன் அவரை நோக்கித் தலைதெறிக்க ஓடுகிறான்? வீண் அலைச்சல்தானே?" என்று நண்பர்கள் சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

அது வீண் அலைச்சல் அன்று. இன்றைய கால்பந்தாட்டத்தின் உயிர்நாடியே அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. இதை 'ஹை பிரெஸ்ஸிங்' என்கிறார்கள். மேலேறிச் சென்று நெருக்குதல் என்று தமிழில் சொல்லலாம். பந்தை இழந்ததும் நம் கோலைக் காக்கப் பின்வாங்காமல், எதிராளியின் கோலுக்கு அருகிலேயே அவனை மூச்சுத் திணற வைத்துப் பந்தை மீட்பதே இதன் தத்துவம்.

ஹைதராபாதில் குடியேறி வாழும் நமக்கு இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. துணிந்து முன்னேறித் தாக்கும் ஆட்டத்தை இந்தியாவுக்குக் கற்றுக் கொடுத்த ஊர் இது. கற்றுக் கொடுத்தவர் இவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். அவரிடம் கற்றவர்களில் தமிழ்ப் பெயர் தாங்கியவர்களும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொனால்டோவையும் மெஸ்ஸியையும் தெரிகிறது, இவர்களைத் தெரியவில்லை.

எண்கள் சொல்லும் சேதி

முதலில் 4-2-4, 4-3-3, 4-2-3-1 என்று வர்ணனையாளர்கள் அடுக்கும் எண்களைப் பார்த்துவிடுவோம். ஓர் அணியில் 11 பேர். கோல் கீப்பரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீதி 10 பேரும் தம் கோலிலிருந்து எதிர் கோலை நோக்கி எத்தனை வரிசைகளாக, வரிசைக்கு எத்தனை பேராக நிற்கிறார்கள் என்பதே இந்த எண். 4-2-4 என்றால் பின்வரிசையில் 4 பேர், நடுவில் 2 பேர், முன்வரிசையில் 4 பேர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 2-3-5 என்ற அமைப்பே வழக்கில் இருந்தது. முன்னால் ஐவர், பின்னால் இருவர் மட்டும். 1925-இல் ஆஃப்சைட் விதி மாற்றப்பட்டதும் இது ஆட்டம் கண்டது. அதற்கு முன், முன்னால் நிற்கும் ஒருவருக்குப் பந்தைத் தட்டும்போது அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும். புதிய விதிப்படி இருவர் போதும். அந்த இருவரில் ஒருவர் பெரும்பாலும் கோல் கீப்பராகவே இருப்பார். கோல்கள் மளமளவென விழத் தொடங்கவே, லண்டனின் ஆர்சனல் அணியில் ஹெர்பர்ட் சாப்மேன் பின்வரிசையில் மூன்றாவது ஆளை நிறுத்தினார்.

1953 நவம்பரில் ஹங்கேரி அணி லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தது. மைய முன்கள ஆட்டக்காரரான ஹிடெகுட்டி தம் இடத்தில் நில்லாமல் பின்னுக்கு இறங்கி விளையாடினார். அவரைக் காவல் காக்க வேண்டிய இங்கிலாந்து வீரருக்குப் பின்தொடர்ந்து போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று புரியவில்லை. ஹிடெகுட்டி மட்டும் 3 கோல் போட்டார். 1958-இல் பிரேசில் 4-2-4 அமைப்பில் ஆடி உலகக் கோப்பையை வென்றபின், நால்வர் சேர்ந்து தாக்கும் அமைப்பு உலகெங்கும் பரவிற்று.

ரஹீம் சாகிப்

இதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது என்று பார்ப்போம். சையத் அப்துல் ரஹீம் 1909-இல் ஹைதராபாதில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'ரஹீம் சாகிப்'. 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950-இல் டியூராண்ட் கோப்பையையும் கொண்டுவந்தது. கால்பந்து என்றால் கல்கத்தா என்றிருந்த நாளில், நிஜாம் நகரத்துப் போலீஸ்காரர்கள் அங்கிருந்து வந்த பெரிய கிளப்புகளைத் திகைக்க வைத்தார்கள்.

ரஹீமின் பயிற்சி முறைகள் இன்று கேட்டாலும் புதுமையாகத் தோன்றும். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக்கூடாது, வந்ததும் தட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு போட்டிகள் நடத்துவார். பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும் என்றும் போட்டி உண்டு. வலக்காலால் மட்டும் உதைத்துப் பழகியவனுக்கு இடக்காலும் பழகிவிட்டால், பந்தை எப்படி வாங்கினாலும் உடனே எந்தத் திசையிலும் அனுப்ப முடியும். வேகம் என்பது ஓடுகிற காலில் மட்டும் இல்லை, பந்தை விடுகிற மனத்திலும் இருக்கிறது என்பது அவர் பாடம்.

இந்திய அணிக்கும் 1950 முதல் அவரே பயிற்சியாளர். 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. நம்மவர்களில் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த அடிக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. ரஹீம் அணியின் ஆட்ட அமைப்பையும் மாற்றத் தொடங்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குச் சென்றது. நெவில் டிசூசா 3 கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் 3 கோல் அடித்தது அதுவே முதல் முறை. இந்தியாவுக்கு நான்காம் இடம் கிடைத்தது. பிரேசில் புகழ் சேர்ப்பதற்கு முன்பே 4-2-4 அமைப்பை ரஹீம் கையாண்டார் என்று கால்பந்து எழுத்தாளர்கள் சொல்வதுண்டு. நான் லாலாகுடா ரயில்வே பணிமனையில் சேர்ந்த காலத்தில், மதிய உணவு வேளையில் மூத்த தொழிலாளர்கள் இதைப் பெருமையோடு பேசக் கேட்டிருக்கிறேன்.

அந்த மெல்போர்ன் அணியில் கோல் கீப்பராக இருந்தவர்களில் ஒருவர் பீட்டர் தங்கராஜ். 1935-இல் ஹைதராபாதில் பிறந்து, செகந்திராபாத் கிளப்புகளில் ஆடத் தொடங்கி, ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் அணிக்காக ஆடியவர். ஆரம்பத்தில் கோல் அடிக்கும் மைய முன்கள ஆட்டக்காரர். பிறகுதான் கோல் காக்கப் போனார். அவர் ஆடிய காலத்தில் அந்த அணி 1955-லும் 1958-லும் டியூராண்ட் கோப்பையை வென்றது. 1967-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. இன்னொருவர் துளசிதாஸ் பலராம். தமிழரும் தெலுங்கரும் கலந்து வாழ்ந்த செகந்திராபாத் கண்டோன்மெண்டில் அம்முகூடாவைச் சேர்ந்தவர். பயிற்சிக்கு வரப் பணமில்லாத அந்த ஏழைப் பையனுக்கு, வாடகை சைக்கிளுக்காக ரஹீம் தம் கையிலிருந்து தினமும் ஒரு ரூபாய் கொடுத்தார் என்பது இவ்வூரில் பலரும் அறிந்த செய்தி.

ரஹீமின் கடைசி வெற்றி 1962-இல் ஜகார்த்தாவில். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 2-0 என்று தோற்றது. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டார். தலையால் பந்தைத் தடுக்க வேண்டிய பின்வரிசையில் அவரை நிறுத்துவது ஆபத்து. வேறொருவராக இருந்தால் ஓய்வு கொடுத்திருப்பார். ரஹீமோ அவரை முன்வரிசையின் நடுவே நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 என்று இந்தியாவுக்குத் தங்கம். உடல்நலம் தேறி அன்று கோலைக் காத்தவர் நம் தங்கராஜ். அப்போதே ரஹீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் மாதம் காலமானார். அதன்பின் இந்தியா ஆசியப் போட்டிக் கால்பந்தில் தங்கம் வென்றதில்லை.

பந்து போனபின் அந்த நால்வர் என்ன செய்வது?

4-2-4 அமைப்பில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இன்றைய ஆட்டம் முழுவதும் இந்தச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான் என்பது என் கருத்து. முன்னால் நால்வர் நிற்கிறார்கள். பந்து எதிரணியிடம் போய்விட்டது. இப்போது அந்த நால்வர் என்ன செய்ய வேண்டும்?

நின்ற இடத்திலேயே நின்றால், நடுவில் இருக்கும் இருவர் மட்டும் எதிரணியின் மூவரையோ நால்வரையோ சமாளிக்க வேண்டும். நடு மைதானம் திறந்த வீடாகிவிடும். இரண்டாவது வழி, நால்வரில் ஒருவர் பின்னால் ஓடி வந்து நடுவரிசையில் சேர்வது. 1958-இல் பிரேசிலின் ஸகாலோ இதைத்தான் செய்தார். 4-2-4 அவரால் 4-3-3 ஆக மாறிற்று. பத்திரமான வழிதான். ஆனால் பந்தை மீட்கும்போது நாம் எதிர் கோலிலிருந்து வெகு தூரம் பின்தங்கியிருப்போம். மறுபடி 60, 70 மீட்டர் ஏற வேண்டும்.

மூன்றாவது வழி, அந்த நால்வரும் இருந்த இடத்திலேயே உடனே பந்தைப் பறிக்க முயல்வது. அதாவது, தாக்குகிறவர்களே முதல் காவலாளிகள். 1960களில் சோவியத் யூனியனின் டைனமோ கீவ் அணியில் விக்டர் மாஸ்லோவ் இதற்கு வடிவம் கொடுத்தார். பின்னர் ஹாலந்தின் அயாக்ஸ் அணியில் ரீனுஸ் மிகெல்ஸ், 1980களின் இறுதியில் இத்தாலியின் மிலன் அணியில் அரிகோ சாக்கி, நம் நாளில் பார்சலோனாவில் குவார்டியோலா, லிவர்பூலில் குளோப் என்று இந்த மரபு வளர்ந்தது. ரஹீம் காலத்து ஆட்டத்தை இன்றைய பொருளில் பிரெஸ்ஸிங் என்று சொல்ல முடியாது. ஆனால் நால்வரை முன்னே அனுப்பத் துணிந்த அந்த மனப்பான்மை இல்லாமல் இது பிறந்திருக்காது.

கணக்கில் பார்த்தால்

சர்வதேச மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பரப்பு 7,140 சதுர மீட்டர். 10 பேர் இதைக் காக்க வேண்டுமானால் ஆளுக்கு 714 சதுர மீட்டர், ஆகாத காரியம். ஆனால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 35 மீட்டர் மட்டும் இருக்கும்படி அணி முழுவதும் சேர்ந்து நகர்ந்தால், காக்க வேண்டிய பரப்பு 2,380 சதுர மீட்டர். மூன்றில் ஒரு பங்கு. சாக்கி இன்னும் கடுமையானவர். 25 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பார்.

அப்படியானால் பின்னால் காலியாகக் கிடக்கும் இடத்தை யார் காப்பது? அங்கேதான் ஆஃப்சைட் விதி காவல் நிற்கிறது. நம் பின்வரிசை மேலேறி நின்றால், எதிரணி முன்கள ஆட்டக்காரர் அவர்களைத் தாண்டிப் போய் முன்கூட்டியே காத்திருக்க முடியாது. ஆனால் தம் சொந்தப் பாதியில் இருப்பவருக்கு ஆஃப்சைட் கிடையாது. ஆகவே பின்வரிசை நடுக்கோடு வரைதான் பயனோடு ஏற முடியும்.

அடுத்து நேரக் கணக்கு. தரையோடு அடித்த பந்து நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 1.4 நொடி. நொடிக்கு 7 மீட்டர் ஓடும் இளைஞன் அதே நேரத்தில் 10 மீட்டர் கடப்பான். ஆகவே பந்தை வாங்கப் போகிறவனிடமிருந்து 10 மீட்டருக்குள் நிற்பவன், பந்து கிளம்பிய கணமே ஓடினால், பந்தும் அவனும் ஒன்றாகப் போய்ச் சேர்வார்கள். 25 மீட்டர் தள்ளி நிற்பவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. பிரெஸ்ஸிங்கில் வேகத்தைவிட நிற்கும் இடமே முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

எப்போது ஓடுவது, எப்படி ஓடுவது?

எப்போதும் ஓடினால் அரை மணி நேரத்தில் அணி களைத்துவிடும். எனவே சில சைகைகளுக்காகக் காத்திருப்பார்கள். எதிராளி பந்தைச் சரியாக அடக்க முடியாமல் அது காலைவிட்டு விலகும்போது. அவன் தன் கோலைப் பார்த்தபடி, நமக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கும்போது. பந்தைப் பின்னோக்கித் தட்டும்போது. பக்கவாட்டுக் கோட்டருகில் நிற்பவனுக்குப் பந்து போகும்போது. இந்தச் சைகைகளில் ஒன்று கண்ணில் பட்டதும் ஒருவர் பாய்வார். மற்றவர்கள் பக்கத்தில் உள்ள வழிகளை அடைப்பார்கள்.

கோட்டருகில் ஏன் என்றால், அங்கே அவனுக்குப் பாதி உலகம்தான் திறந்திருக்கிறது. ஒரு பக்கம் கோடு. அந்தக் கோடு சம்பளம் வாங்காத பன்னிரண்டாவது ஆட்டக்காரர். அதனால்தான் பாய்கிறவர் நேர்கோட்டில் ஓடாமல் வில் போல் வளைந்து ஓடுகிறார். நேராக ஓடினால் எதிராளி நடுவில் இருக்கும் தன் தோழனுக்குப் பந்தைத் தட்டிவிடுவான். வளைந்து ஓடினால் அந்த வழி அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஒரே ஆள், ஒரே ஓட்டம். ஒருவனை நெருக்கி இன்னொருவனையும் அடைத்தாயிற்று. கோல் கீப்பரை நோக்கி ஓடும் பையன் செய்வதும் இதுதான். அவன் பந்தைப் பிடுங்கப் போகவில்லை. கோல் கீப்பர் எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்பதை இவன் தீர்மானிக்கப் போகிறான். கீப்பர் அவசரத்தில் உயரத் தூக்கி அடித்தால், அது விழும் இடத்தில் நம்முடைய உயரமான தடுப்பாட்டக்காரர் காத்திருப்பார்.

இரண்டு விதி மாற்றங்கள் இதற்குத் துணை செய்தன. 1992 முதல், சொந்த அணியினர் காலால் தட்டிக்கொடுக்கும் பந்தைக் கோல் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது. அதற்கு முன், நெருக்கினால் உடனே கீப்பருக்குத் தட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். 2019 முதல், கோல் கிக் எடுக்கும்போது பந்து பெனால்டி கட்டத்தைவிட்டு வெளியே வர வேண்டியதில்லை. ஆகவே பல அணிகள் கோலுக்கு அருகிலிருந்தே சிறு தட்டுகளாக ஆட்டத்தைத் தொடங்குகின்றன. அதைத் தடுக்க எதிரணி நால்வரை முன்னே ஏற்றி நிறுத்துகிறது. உற்றுப் பாருங்கள், அந்த நேரத்தில் பழைய 4-2-4 மறுபடி கண்ணில் தெரியும்.

பந்தை இழந்த உடனே நெருக்குவது தனிக் கலை. பார்சலோனாவில் குவார்டியோலா இதற்கு 5 நொடி கெடு வைத்தார். பந்தைப் பறித்தவன் அந்தக் கணத்தில் தலை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டான். அவன் தோழர்களும் தத்தம் இடத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். அந்த 5 நொடிக்குள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒழுங்காகப் பின்வாங்கி அணிவகுத்து நிற்க வேண்டும்.

ஒருவர் தவறினால்

இதற்கு விலை உண்டு. பின்வரிசை நடுக்கோட்டருகே நிற்கும்போது அவர்களுக்குப் பின்னால் சுமார் 50 மீட்டர் காலி இடம். நெருக்குதலை உடைத்து எதிரணி ஒரே ஒரு நல்ல பந்தை அந்த இடத்துக்கு அனுப்பிவிட்டால், நம் கோல் கீப்பர் தனியாள். அதனால்தான் இன்றைய கோல் கீப்பர்கள் கோலை விட்டு வெகு தூரம் முன்னால் நின்று, காலாலும் ஆடுகிறார்கள்.

ரயில்வேயில் இண்டர்லாக்கிங் என்று ஒரு ஏற்பாடு உண்டு. பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டப்படாமல், லெவல் கிராசிங் கேட் மூடப்படாமல், சிக்னலை இறக்க முடியாது. எந்த ஒரு நெம்புகோலையும் தனியாக இழுக்க முடியாதபடி ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். பிரெஸ்ஸிங்கும் அப்படியே. முன்வரிசை பாயும் நேரத்தில் நடுவரிசை பின்னாலேயே வர வேண்டும். பின்வரிசை மேலேற வேண்டும். முன்னால் இருப்பவன் மட்டும் பாய்ந்து, பின்னால் இருப்பவர்கள் பயந்து நின்றுவிட்டால், இடையில் 30 மீட்டர் பள்ளம் விழும். எதிராளி அதன் வழியாக ராஜநடை போடுவான். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஓடினாலும் போதாது என்பது இந்த ஆட்டத்தின் கொடுமை, அழகும் அதுவே.

நம் ஊர் வெயிலையும் மறந்துவிடக்கூடாது. ஐரோப்பியக் குளிரில் ஆடுவதுபோல் 90 நிமிடமும் இங்கே நெருக்க முடியாது. புத்திசாலி அணிகள் சில நிமிடம் மேலேறி நெருக்கிவிட்டு, பிறகு நடு மைதானத்தில் அமைதியாக அணிவகுத்து மூச்சு வாங்கிக்கொள்ளும்.

வந்ததும் போனதும்

ரஹீம் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, இவ்வூர்ப் பெயரில் மறுபடி ஒரு பெரிய அணி வந்தது. 2019-இல் தொடங்கப்பட்ட ஹைதராபாத் எஃப்.சி., இந்தியன் சூப்பர் லீக்கில் தன் முதல் ஆண்டில் கடைசி இடம் பெற்றது. 2020-இல் ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்கெஸ் பயிற்சியாளராக வந்தார். ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய், லிஸ்டன் கோலாசோ போன்ற இளம் இந்தியர்களை நம்பி, மேலேறி நெருக்கிப் பந்தைப் பறித்து உடனே தாக்கும் அணியை உருவாக்கினார். காகிதத்தில் 4-2-3-1, நெருக்கும்போது வடிவம் மாறும். முன்னால் நின்றவர் நைஜீரியாவின் ஓக்பெச்சே. 37 வயதில் ஒருவரால் ஆட்டம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. சுற்றியிருந்த இளைஞர்களின் உழைப்பும் சேர்ந்துதான் 2021-22 பருவத்தில் அவர் 18 கோல் அடித்தார்.

2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இறுதியாட்டம். கேரளா பிளாஸ்டர்ஸ் முந்திக்கொண்டது. 88ஆம் நிமிடத்தில் சாகில் தவோரா அடித்த கோல் சமன் செய்தது. பெனால்டி உதைகளில் கோல் கீப்பர் கட்டிமணி மூன்றைத் தடுத்தார். கோப்பை ஹைதராபாத் பெயரில் பொறிக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளால் அந்த இரண்டு பருவங்களும் கோவாவிலேயே நடந்தன. கோப்பை வென்ற ஆண்டில் அந்த அணி சொந்த ஊர் மக்கள் முன் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த ஆண்டு கச்சிபௌலி மைதானத்தில் ஆடி லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. அதன்பின் பண நெருக்கடி. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 2023-24 பருவத்தில் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். 2025-இல் அணி டெல்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் பூண்டது. கட்ட மூன்று ஆண்டு ஆயிற்று, கலைய ஒரு ஆண்டு போதுமாக இருந்தது. பத்துப் பேர் பிணைந்து செய்யும் வேலைக்கு ஊதியமும் நம்பிக்கையும் அடித்தளம். அது ஆடிவிட்டால் எந்த வியூகமும் நிற்காது.

கைதட்டல் யாருக்கு?

சென்ற ஆண்டு என் பேரன் பள்ளியில் 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்று பார்த்தேன். ஒல்லியான பையன் ஒருவன் எதிரணி தடுப்பாட்டக்காரனை வளைந்து ஓடி நெருக்கினான். அந்தப் பிள்ளை பதறி உதைத்த பந்து நேரே இவன் தோழன் காலில் விழுந்தது. கோல்! எல்லோரும் கோல் அடித்தவனைத் தூக்கிக் கொண்டாடினார்கள். ஒல்லிப் பையனின் தகப்பனார் நம்மவர். பையன் அருகே வந்ததும், "ஏன்டா, பந்து வராத எடத்துக்கெல்லாம் ஓடிட்டே இருக்கே? கோல் பக்கத்துல நில்லுடா" என்று கடிந்துகொண்டார். நான் மெல்லச் சொன்னேன்: "சார், அந்தக் கோல்ல பாதி உங்க பையனோடது." அவர் என்னை வியப்போடு பார்த்தார். பிறகு நடந்ததை விளக்கினேன். இரண்டாம் பாதியில் அவர் பந்தைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார்.

பிள்ளைகளைக் கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பெருகியிருக்கின்றன. அவர்களிடம் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன். வீடு திரும்பும் பிள்ளையிடம் "எத்தனை கோல் போட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பந்து போனதும் நீ என்ன செய்தே?" என்றும் கேளுங்கள். பத்து வயதில் வியூகப் பாடம் வேண்டாம். இரு காலும் பழகட்டும், பந்தை உடனே விடப் பழகட்டும். ரஹீம் சாகிப் பெரியவர்களுக்கே அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார். ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயில் ஏறுமுன் பயிற்சி முடியட்டும். இடையிடையே தண்ணீர் குடிக்க விடும் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.

தொலைக்காட்சியில் அடுத்த ஆட்டம் வரும்போது 10 நிமிடம் பந்தைவிட்டுக் கண்ணை எடுத்துப் பாருங்கள். முன்வரிசை பாயும்போது பின்வரிசை ஏறுகிறதா, பாய்கிறவன் வளைந்து ஓடுகிறானா, இழந்த 5 நொடிக்குள் எத்தனை பேர் பந்தைச் சூழ்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆட்டம் வேறாகத் தெரியும். அருகில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு அம்முகூடாவிலிருந்து வாடகை சைக்கிளில் வந்த பலராமைப் பற்றியும், இவ்வூரில் பிறந்து ஜகார்த்தாவில் கோல் காத்த தங்கராஜைப் பற்றியும் சொல்லுங்கள். நம் ஊரின் பெயர் தாங்கிய அணி இன்று இல்லை. அந்த ஆட்டத்தை அறிந்த வீடுகளாவது இவ்வூரில் இருக்கட்டும்.